காரணமின்மையும் நிபந்தனையின்மையும்: காஞ்சி அருட்கோட்பாட்டின் ஒளியில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இறையன்பும் அடையாளமும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ இறையுறவைப் பேசும் இக்கால எழுத்துகளில் ‘நிபந்தனையற்ற அன்பு’ என்னும் தொடர் பெருவழக்காக உள்ளது. வைணவத்திலிருந்து கிறித்தவத்திற்கு வந்த கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) படைப்புகளை இத்தொடரின் வழியே படிப்பது எளிது. ஆனால் அது போதுமானதன்று. காஞ்சிபுரத்தையும் திருவரங்கத்தையும் களமாகக் கொண்டு வளர்ந்த வைணவ அருட்கோட்பாட்டு விவாதம் ‘காரணமற்ற அருள்’ என்னும் வேறொரு கருத்தை முன்வைத்தது. இவ்விரு கருத்துகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு, கிருஷ்ணபிள்ளையின் படைப்புலகில் இறையன்பு அடியவரின் பழைய அடையாளத்தை என்ன செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருபை, நிர்ஹேதுகம், வியாஜம், சரணாகதி, அடையாளம், காஞ்சிபுரம், பிள்ளை

முன்னுரை

திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. இரட்சணிய சமய நிர்ணயமும் இரட்சணிய மனோகரமும் அவருடைய இறுதி ஆண்டுகளின் வெளியீடுகள். ‘கிறித்தவக் கம்பர்’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. அந்தப் பட்டம் செய்யுள் நடையை நோக்கி வழங்கப்பட்டது. அதனாலேயே, அவருடைய வைணவப் பின்புலத்தை நடை சார்ந்த செய்தியாக மட்டும் கருதி, கிறித்தவக் கருத்துக்குத் தமிழ் ஆடை அணிவித்தவர் என்று கூறிக் கடந்துபோகும் போக்கும் உருவானது.

ஆடை என்னும் இந்த உவமை ஆய்வுக்குரியது. கழற்றி மாற்றத்தக்க ஒன்றாகவே அது மொழியைக் கருதுகிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஊடுபோகும் இடத்திலேயே ஒன்றோடொன்று பூட்டப்படுகின்றன; கரையை மட்டும் பிரித்தெடுக்க முயன்றால் உடலும் சேர்ந்து கிழியும். உவமை வேண்டுமென்றால் இதுவே கிருஷ்ணபிள்ளைக்குப் பொருந்துவது. அவர் கைக்கொண்ட சொற்கள் பல நூற்றாண்டுகளாக இறையருளைப் பற்றிய கூர்மையான விவாதத்தில் புழங்கியவை. அவற்றின் பழைய பொருள் புதிய இறைவனைப் பாடும்போதும் உடன்வருகிறது.

அவ்விவாதத்தின் முதன்மைக் களங்களுள் ஒன்று காஞ்சிபுரம். கிருஷ்ணபிள்ளையின் வாழ்க்கைக்கும் அந்நகருக்கும் நேரடித் தொடர்பைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் பிறந்து வளர்ந்த சமயத்தின் சிந்தனை வடிவம் அங்கே உருப்பெற்றது என்பதே ஒப்பீட்டிற்கு அடிப்படை. ஹட்சன் போன்ற ஆய்வாளர்கள் கிருஷ்ணபிள்ளையின் மதமாற்றத்தில் வைணவ, கிறித்தவ இறையியல்களுக்கு இடையே காணப்படும் இணைகளைச் சுட்டியுள்ளனர். இங்கு இணைகளைவிட அவை பிரியும் இடமே முதன்மை பெறுகிறது.

நிபந்தனையும் காரணமும்

‘நிபந்தனை’ ஒப்பந்தத்தின் சொல். கடன் பத்திரத்திலும் குத்தகைச் சீட்டிலும் வழங்கும் இச்சொல் எதிர்காலத்தை நோக்கியது: இன்னது செய்தால் இன்னது கிடைக்கும். ‘காரணம்’ பின்னோக்கியது: இன்னது இருந்ததால் இன்னது நிகழ்ந்தது. நிபந்தனையற்ற அன்பு, அன்பு பெற்றவரிடம் இனி எதையும் எதிர்பார்க்காத அன்பு. காரணமற்ற அன்போ, அன்பு பெறுவதற்குரிய தகுதி எதுவும் அவரிடம் முன்னரே இல்லாதிருந்தும் வந்த அன்பு. முதலாவது இல்லாமல் இரண்டாவது இருக்க முடியும். ஒரு தகுதியுமின்றித் தத்தெடுக்கப்பட்ட குழந்தை, அந்த வீட்டுக் குழந்தையாக வளர வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு உட்பட்டதே.

விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் ‘நிபந்தனையற்ற’ என்னும் அடையை நாடவில்லை. சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு ‘கிருபை’ என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘அருள்’ என்றது. முன்னது வைணவத்தோடும் பின்னது சைவத்தோடும் நெருங்கிப் பழகிய சொல். கிருஷ்ணபிள்ளைக்குக் ‘கிருபை’ புதுச் சொல்லன்று. பிறந்த வீட்டிலிருந்தே அவர் அறிந்த சொல். பிறந்த வீட்டில் அச்சொல்லைச் சுற்றி ஒரு வழக்கே நடந்துகொண்டிருந்தது.

அத்திகிரியில் நடந்த வாதம்

வைணவ மரபு வேதாந்த தேசிகரின் காலத்தை 1268–1369 எனக் கொள்கிறது. அவர் பிறந்த தூப்புல் காஞ்சிபுரத்தின் ஒரு பகுதி. அத்திகிரி வரதரை நோக்கி அவர் வடமொழியில் வரதராஜ பஞ்சாசத்தையும் தமிழில் அடைக்கலப்பத்தையும் பாடினார். அவருடைய மூத்த சமகாலத்தவரான பிள்ளை லோகாசாரியர் திருவரங்கத்தில் இருந்து முமுட்சுப்படி, ஸ்ரீவசனபூஷணம் முதலிய நூல்களை எழுதினார். பிற்காலத்தில் வடகலை, தென்கலை எனப் பிரிந்த இரு மரபுகளும் தத்தம் அருட்கோட்பாட்டிற்கு இவ்விருவரையும் மூலவர்களாகக் கொண்டன.

இருவரும் அருளே வீடுபேற்றைத் தருவது என்பதில் உடன்பட்டவர்கள். அந்த அருள் இறங்க உயிரின் பக்கம் ஏதேனும் வேண்டுமா என்பதே வேறுபாடு. ஒரு ‘வியாஜம்’, அதாவது சாக்கு, வேண்டும் என்பது தேசிகர் வழி. அது விலையாகாது, தகுதியும் ஆகாது. இறைவன் ஒருவரைக் காத்து மற்றவரை விட்டுவிடுவதாகப் பழி நேராதிருக்கப் பற்றிக்கொள்ளும் சிறு பிடிமானம். லோகாசாரியர் வழியில் அந்தப் பிடிமானமும் தேவையில்லை. உடைமையைத் தேடி உடையவன் வருகிறான். பொருள் தன்னை மீட்டுக்கொள்ளுமாறு விண்ணப்பம் செய்வதில்லை. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டி என்ற இரு நியாயங்கள் இவ்வேறுபாட்டை எளிதாக்கிக் கூறுபவை. ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட ஒப்பாய்வில் இந்திய அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் எதிரெதிரே நிறுத்தியபோது இவ்விவாதம் மேலைநாட்டு இறையியலாளரின் கவனத்திற்கும் வந்தது.

குற்றம் பற்றிய கருத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. அடியவரின் குற்றத்தை இறைவன் காணாததுபோல் விட்டுவிடுகிறான் என்பது ஒரு தரப்பு. ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை நக்கி உண்பதுபோல், குற்றத்தையே இனியதாகக் கொள்கிறான் என்பது மறுதரப்பு. அன்பைக் காரணத்திலிருந்து விடுவிப்பதில் இதற்கு மேல் செல்ல இடமில்லை. தகுதியின்மை பொறுக்கப்படுவதோடு நில்லாமல் விரும்பவும் படுகிறது.

காஞ்சியின் பழங்கதை ஒன்று இவ்விவாதத்திற்கு முன்னுரை போல அமைகிறது. பூவிருந்தவல்லியைச் சேர்ந்தவரும் அந்தணர் அல்லாதவருமான திருக்கச்சி நம்பி, வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு புரிந்தவர்; இறைவனோடு உரையாடும் பேறு பெற்றவர் எனக் குருபரம்பரைக் கதைகள் கூறும். அவர் ஒருநாள் வீடுபேறு உண்டா என்று கேட்க, விசிறியதற்குப் பேசியது ஈடாகிவிட்டது என்ற பொருளில் வரதர் மறுமொழி கூறினாராம். நெருக்கமே கணக்காகிவிடும் அபாயத்தை இக்கதை அறிந்திருக்கிறது. தொண்டு கூலியாக மாறும் கணத்தில் அன்பு பண்டமாற்றாகிறது. இராமானுசரின் ஐயங்களுக்கு நம்பி வழியாக வரதர் அளித்ததாகக் கூறப்படும் ஆறு விடைகளுள் ஒன்று, சரண் புகுந்தவருக்கு இறுதிக்கால நினைவு வேண்டியதில்லை என்பது. சாகும் தறுவாயில் நினைவு தப்பினாலும் அருள் தப்பாது. நிபந்தனை என்னும் சொல்லையே பயன்படுத்தினால், கடைசி நிபந்தனையும் இங்கு நீக்கப்படுகிறது.

இவ்வளவு நுட்பமான அருட்சிந்தனை, பிற்காலத்தில் அதே வரதர் கோயிலில் எந்தக் கலையார் எந்தப் பாடலை முதலில் ஓதுவது என்ற உரிமைப் பூசலாகி நீதிமன்றம் வரை சென்றது. காரணமற்ற அருளைப் பேசியவர்களும் தங்கள் அடையாளத்திற்குச் சான்றாவணம் தேட நேர்ந்தது. கிருஷ்ணபிள்ளையைப் படிக்கும்போதும் இந்த முரண் நினைவில் இருக்க வேண்டும்.

இரட்சணியம்: உடைமையும் கிரயமும்

கிருஷ்ணபிள்ளையின் மூன்று நூல்களின் பெயர்களும் ‘இரட்சணிய’ என்று தொடங்குவது தற்செயலன்று. வைணவ மறைப்பொருள் நூல்களில் பிரணவத்தின் அகரத்திற்கு இரட்சகன் என்று பொருள் விரிக்கப்படுகிறது. காத்தல் இறைவனின் இயல்பு என்பது முதல் எழுத்திலேயே நிறுவப்படுகிறது. அச்சொல்லைத் தன் நூல்களின் தலைவாயிலில் வைக்கும்போது கிருஷ்ணபிள்ளை பழைய கேள்வியையும் உடன்கொண்டு வருகிறார்: காப்பவன் எதன்பொருட்டுக் காக்கிறான்?

விடையில் அவர் பிரிகிறார். லோகாசாரியர் வழியில் அருளுக்குக் காரணம் தேவைப்படாதது, உயிர் என்றும் இறைவனின் உடைமை என்பதால். உறவு இயல்பானது, அழியாதது; மறந்திருந்த உறவு நினைவுக்கு வருவதே வீடுபேற்றின் வாயில். கிறித்தவ மீட்பிலோ உறவு முறிந்திருக்கிறது. முறிந்ததைக் கூட்ட ஒரு விலை கொடுக்கப்படுகிறது. அவ்விலையை மீட்கப்படுபவர் அல்லாமல் மீட்பவரே தருகிறார். உடைமையைத் தேடி வரும் உடையவனுக்கும், கிரயம் செலுத்தித் திரும்பப் பெறும் மீட்பனுக்கும் இடையே அன்பின் செறிவில் ஏற்றத்தாழ்வு கூற இயலாது. ஆனால் முன்னதில் அன்புக்கு வரலாறு தேவையில்லை. பின்னதில் அன்பு ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிகழ்ந்தாக வேண்டும்.

இரட்சணிய யாத்திரிகத்தின் அமைப்பிலேயே இதைக் காணலாம். பனியனின் கதையில் பயணி சிலுவையின் முன் வந்ததும் முதுகுச் சுமை தானே அவிழ்ந்து உருண்டுவிடுகிறது. நிகழ்ச்சி சில வரிகளில் முடிகிறது. ஆங்கில வாசகருக்குப் பாடுகளின் கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் அது போதும். கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். தமிழ் வாசகருக்கு அறிமுகம் வேண்டும் என்பது மட்டுமே இதற்குக் காரணமாகாது. பயணி எதையும் செய்வதற்கு முன் அவனுக்காகச் செய்யப்பட்டது பாடப்பட வேண்டும் என்னும் இறையியல் ஒழுங்கே இங்குக் காப்பிய அமைப்பாகிறது. மூலத்தின் விரைவை இழந்து தழுவல் பெற்ற ஆதாயம் இது. காப்பியத்தின் வேறு சில நெடிய வருணனைகளுக்கு இத்தகைய நியாயம் கூற இயலாது. அங்குக் கம்பனைப் பின்பற்றும் ஆசை கதையை முந்திவிடுகிறது.

வீடணனின் இடம்

கம்பனைக் கிருஷ்ணபிள்ளை நடைக்காக மட்டும் நாடினார் எனக் கொள்வது குறைபாடான வாசிப்பு. வைணவர் சரணாகதிக்குத் தலைசிறந்த சான்றாகக் காட்டுவது வீடணன் சரண் புகுந்ததை. தேசிகர் அதை விளக்க அபயப்ரதானசாரம் என்றே ஒரு நூல் செய்தார். கம்பராமாயணத்தின் வீடணன் அடைக்கலப் படலத்தில் அவனை ஏற்பதா என்று அவை கூடி ஆராய்கிறது. சுக்கிரீவன் ஐயுறுகிறான், அனுமன் பரிந்து பேசுகிறான், இராமனோ வந்தவனின் தகுதியை எடைபோடாமல், அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடாமையையே பேசுகிறான். காரணம் வந்தவனிடத்தில் இல்லை, ஏற்பவனிடத்தில் இருக்கிறது.

மதம் மாறிய ஒருவர் இக்கதையை எப்படிப் படித்திருப்பார் என்பது கற்பனைக்குரியதாயினும், கதை தரும் தருக்கம் தெளிவானது. வீடணன் குலத்தைத் துறந்தவன் என்ற பழிக்கு ஆளானவன். ஆனால் இராமன் அவனை அரக்கனல்லாதவனாக மாற்றவில்லை. தம்பியருள் ஒருவனாக எண்ணுகிறான், இலங்கைக்கே அரசனாக்குகிறான். சரண் அவனுடைய பிறப்பை அழிக்காமல் அதற்கு ஓர் இடம் தருகிறது. பனியனின் பயணி இதற்கு நேர்மாறானவன்: அழியப்போகும் நகரை விட்டு, மனைவி மக்களின் அழைப்பு கேளாதிருக்கக் காதுகளை அடைத்துக்கொண்டு ஓடுகிறான். இந்த இரு வடிவங்களுக்கும் இடையில் நின்று எழுதியவர் கிருஷ்ணபிள்ளை. கதைக்கட்டைப் பனியனிடம் பெற்றார். காவியத்தின் உணர்ச்சிப் பயிற்சியைக் கம்பனிடம் பெற்றார். விட்டு ஓடுதலும் அடைக்கலம் புகுதலும் ஒன்றே என அக்காப்பியம் முழுமையாக நம்பவில்லை என்பதே அதன் உயிர்.

சுருளும் பெயரும்

அடையாளச் சிக்கலைப் பனியனே எழுப்பியிருக்கிறார். வழியிலுள்ள மாளிகையின் வாயிற்காவலன் பெயர் கேட்கும்போது, இப்போது தன் பெயர் கிறித்தவன் என்றும் முன்பு அருளிலி என்று பொருள்படும் பெயர் இருந்தது என்றும் பயணி கூறுகிறான். முந்தைய பெயர் ஓர் இன்மையையே குறிக்கிறது. பிறந்த ஊர், குடி, தாய்மொழி எதுவும் அதில் இல்லை. அருள் வந்ததும் அந்த இன்மை நீங்கிப் புதிய பெயர் நிற்கிறது. இழக்கப்பட்டது என்று சொல்ல எதுவுமில்லை.

சிலுவையடியில் பயணிக்குப் புத்தாடையும் நெற்றிக் குறியும் முத்திரையிட்ட சுருளும் தரப்படுகின்றன. அவை கேளாமல் கிடைத்தவை. ஆயினும் இடைவழியில் உறங்கிச் சுருளைத் தவறவிட்டவன் அழுதுகொண்டே திரும்பிச் சென்று தேடுகிறான். கதையின் இறுதியில் சுருள் இல்லாமல் வந்த அறியாமை என்பவன் வாயிலில் தடுக்கப்படுகிறான். காரணமற்ற அன்புக்கும் நிபந்தனையற்ற அன்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே பருப்பொருளாகக் காட்சியளிக்கிறது. கொடை இலவசம், அதைக் கையில் வைத்திருத்தல் கட்டாயம். இறுதி நினைவும் வேண்டாம் என்ற அத்திகிரியின் விடையை இதன் அருகே வைத்தால், கிறித்தவமே நிபந்தனையற்ற அன்பின் சமயம், வைணவமோ கைம்மாறு கருதும் பக்தி என்ற எளிய எதிர்வு நிலைகுலைகிறது. மறுதலையாக, எல்லாம் ஒன்றே என்று சமன்செய்வதும் பொருந்தாது. சுருளைத் தேடி அழும் பயணியின் அச்சம் பூனைக்குட்டிக்கு இல்லை. அன்பை வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றாகக் கொள்ளும் சமயத்திற்கே உரிய அச்சம் அது: நிகழ்ந்தது தனக்காகத்தான் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று கையில் இருக்க வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் இளைய மகன் உவமை இவ்வச்சத்திற்கு மறுமுனையில் நிற்கிறது. கூலியாளாக வைத்துக்கொள்ளுமாறு வேண்ட முன்கூட்டியே சொற்களை அமைத்து வந்த மகனைத் தந்தை அந்த வேண்டுதலைச் சொல்லி முடிக்க விடுவதில்லை. ஆடையும் மோதிரமும் செருப்பும் வருகின்றன. சான்று கேட்பவன் மூத்த மகன் மட்டுமே.

எச்.ஏ., கிருஷ்ண, பிள்ளை

கவிஞரின் பெயரே ஆய்வுக்குரிய பனுவலாகிறது. திருமுழுக்கில் ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் சேர்ந்தன, கிருஷ்ணபிள்ளை நீங்கவில்லை. இக்காலத் தமிழ் வழக்கில் ஊரோ தந்தையோ நிற்கும் முன்னெழுத்தின் இடத்தில் புதுப்பிறப்பு நிற்கிறது. அதற்கடுத்து, பெற்றோர் இட்ட பெயரில், விட்டுவந்த சமயத்தின் தெய்வம் நிற்கிறது. பனியனின் பயணிக்கு முன்பெயர் வெறும் இன்மை. அவனைத் தமிழில் நடக்க வைத்த கவிஞருக்கு முன்பெயர் இன்மையன்று. கிருஷ்ணன் என்ற பெயரைத் தாங்கியவரே இயேசுவின் பாடுகளைக் காப்பியமாகப் பாடினார். வீடணன் அரக்கனாகவே இராமனிடம் நின்றதற்கு நெருங்கிய நிலை இது. பின்னாளில் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி 1927இல் வெளியிட்ட நூலில் கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியபோது கோட்பாடாக வைத்ததை, கிருஷ்ணபிள்ளை பெயரளவிலேயே வாழ்ந்துகாட்டினார் எனலாம்.

பெயரின் முதற்பகுதியைப் போற்றும் திறனாய்வு மூன்றாம் பகுதியில் மௌனம் காக்க இயலாது. ‘பிள்ளை’ வேளாளர் பட்டம். தமிழ்க் கிறித்தவத்தில் அது விவாதத்திற்கு அப்பாற்பட்ட ஒட்டாக இருந்ததில்லை. 1829இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், புதிய மிஷனரிகள் சாதி வேற்றுமையைத் திருச்சபையிலிருந்து நீக்க முயன்றதை எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கைவிடப்பட வேண்டும் என ஆணையிட்டார். கிருஷ்ணபிள்ளை திருமுழுக்குப் பெற்றபோது அந்த ஆணைக்கு வயது 25, பட்டங்களோ நீடித்தன. இறையன்பு காரணமற்றது என்றால், பிறப்பும் அதற்குக் காரணமாகாது. பிறப்பு காரணமாகாத இடத்தில் பிறப்பின் பட்டம் எதற்கு என்ற வினா எழும். மாறாக, நிபந்தனையற்ற அன்பு எதையும் விட்டுவரச் சொல்லாது என்ற வாதத்தைப் பட்டத்தைக் காக்கவும் பயன்படுத்த முடியும்; தஞ்சை வழக்கில் மரபைக் காத்தவர்களின் நிலைப்பாடு இதற்கு வெகுதொலைவில் இல்லை. அன்பின் நிபந்தனையின்மையை மட்டும் உயர்த்திப் பேசும் இக்கால விளக்கங்கள் இந்த ஆபத்தைக் கவனிப்பதில்லை. காரணமின்மை என்னும் கருத்து இதைவிடக் கடுமையானது; அது பெற்றவரின் கையில் பெருமைக்கு எதையும் விட்டுவைப்பதில்லை.

காஞ்சியும் இதற்கு விலக்கன்று. திருக்கச்சி நம்பி உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி இராமானுசர் அவரை வீட்டிற்கு அழைத்தார். அவர் இல்லாத வேளையில் நம்பி உண்டு சென்றபின், மனைவி தஞ்சம்மாள் எஞ்சியதை அகற்றி, இடத்தைக் கழுவி, நீராடிப் புதிதாகச் சமைத்தார் என்கிறது மரபு. இறைவன் உரையாடிய ஒருவர் உண்ட இலை கழுவித் தள்ள வேண்டியதாக இருந்தது. மரபு இக்கதையை மறைக்கவில்லை. இராமானுசர் இல்லறம் துறந்ததற்கான காரணங்களுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

‘பிள்ளை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் குழந்தை என்பதே முதற்பொருள். பிள்ளை லோகாசாரியரின் பெயரில் அது சாதியைக் குறிக்காமல் மரியாதையைக் குறிக்கிறது. தமிழ் விவிலியம் நம்பிக்கை கொண்டவர்களைத் தேவனுடைய பிள்ளைகள் என்கிறது. பவுல் அந்த உறவைப் புத்திர சுவிகாரமாக விளக்குகிறார். திருமுழுக்குப் பெற்ற எவருக்கும் உரிய அந்தப் பெயரை, கிருஷ்ணபிள்ளை 1858க்கு முன்பே வேறொரு பொருளில் சூடியிருந்தார். அட்டையில் அச்சாகியிருக்கும் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்பதை நூல் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய திருச்சபையில் அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்தவர்களுள், முதற்பொருளில் மட்டும் பிள்ளைகளாயிருந்தோரும் இருந்தனர்.